ஒன்றாம் வேகம்

எட்டாம் வகுப்பில் என்னை இரண்டு முறை நிறுத்திவைத்தார்கள். மூன்றாவது முறையும் அதே பெஞ்சில் உட்காரப் பிடிக்காமல் திருப்பூருக்கு பஸ் ஏறினேன். பனியன் கம்பெனி, பெங்களூரில் ஒரு ஓட்டல், கொஞ்ச காலம் லாரியில் கிளீனர், பம்பாயில் பதினோரு மாதம். சுற்றிவிட்டு இருபத்து நாலு வயதில் மறுபடி மதுரைக்கே வந்து சேர்ந்தேன். டவுன்ஹால் ரோட்டுக்குப் பக்கத்தில் ஒரு வணிக வளாகத்தின் இரண்டாவது மாடியில் கேம் சென்டர் ஒன்று இருந்தது. அங்கே மிஷின்களைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. தங்க இடம் தேடவில்லை. கார் ரேஸ் மிஷினுக்கும் சுவருக்கும் நடுவே ஒரு ஆள் படுக்க இடம் இருந்தது.

அங்கே இருந்த மிஷின்களில் டான்ஸ் மிஷின்தான் ராஜா. சிங்கப்பூரில் யாரோ ஆடி முடித்துக் கழித்துவிட்டதை முதலாளி கப்பலில் வரவழைத்திருந்தார். அவர் பழைய ஊருக்குள் பாத்திரக்கடை வைத்திருந்த குடும்பம். நாங்கள் பாய் என்போம். மிஷினுக்கு முன்னால் முழங்கால் உயரத்துக்குப் பாதி இருக்கும் ஒரு மேடை. அதில் மேல், கீழ், இடம், வலம் என்று நான்கு அம்புக்குறிகள். எதிரே பெரிய திரை. திரையின் உச்சியில் நான்கு சாம்பல் நிற அம்புகள் அசையாமல் நிற்கும். பாட்டு ஆரம்பித்ததும் கீழேயிருந்து கலர் அம்புகள் ஏறி வரும். ஏறி வரும் அம்பு, நிற்கிற அம்பின் மேல் பொருந்துகிற அந்த நொடியில், காலடியில் அதே திசை அம்பை மிதிக்க வேண்டும். நிறையத் தவறவிட்டால் பாதிப் பாட்டிலேயே மிஷின் ஒரு கத்துக் கத்திவிட்டு நிறுத்திவிடும். செருப்பைக் கழற்றிவிட்டுத்தான் எல்லோரும் மேடையில் ஏறுவார்கள். சிலர் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொள்வார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்கவில்லை.

பாட்டைத் தேர்ந்தெடுத்ததும் ஓரத்தில் ஒன்று, இரண்டு, மூன்று, நான்கு என்று எண்கள் வரும். திரை முழுக்க ஜப்பான் எழுத்து. எங்களுக்குப் படிக்கத் தெரிந்தது அந்த எண்கள் மட்டும்தான். ஒன்றை வைத்தால் அம்புகள் ஊர்ந்து வரும். மூன்றை வைத்தால் சீறிக்கொண்டு வரும். பார்க்கிற எவருக்கும் தோன்றுவதுதான் எனக்கும் தோன்றியது. ஒன்று எளிது, நான்கு கஷ்டம்.

மிஷினுக்குக் கூட்டம் சேர்ந்து சண்டை வந்தபோது, "ஏதாச்சும் ஒரு ஒழுங்கு வைப்பா"என்றார் பாய். வைத்தேன். ஒன்றாம் வேகத்தில் நான் குறித்துக்கொடுக்கிற மூன்று பாட்டையும் முடித்தால்தான் இரண்டாம் வேகம். அதில் மூன்று பாட்டை முடித்தால் மூன்றாம் வேகம். பழைய காலண்டர் அட்டையின் பின்பக்கம் ஸ்கெட்ச் பேனாவால் எழுதிச் சுவரில் மாட்டினேன். பாஸானவர்களின் பேரை அந்தந்த வேகத்துக்குக் கீழே எழுதுவேன். ஒரு வாரத்தில் பையன்கள் அதை 'கிளாஸ்'ஆக்கிவிட்டார்கள். "மாப்ள, நான் ரெண்டாங் கிளாஸ்டா"என்று பாலிடெக்னிக் படிக்கிறவன் கத்துவான். என்னை 'வாத்தியாரே'என்றார்கள். கேலியாக ஆரம்பித்ததுதான். பிறகு அதுவே பேராகிவிட்டது. மறைக்க என்ன இருக்கிறது, எனக்கு அது பிடித்திருந்தது.

ஒன்றாம் வேகத்தின் மூன்றாவது பாட்டில் பாதியில் ஒரு இடம் உண்டு. தாளத்தின் அடி தடதடவென்று விழும். ஊர்ந்து வரும் அம்புகள் அந்த இடத்தில் தீப்பெட்டி அடுக்கியதுபோல ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டு வரும். எது முதலில், எது அடுத்தது என்று கண்ணுக்குப் பிரியாது. நாங்கள் அதை 'நெரிசல்'என்போம். முக்கால்வாசிப் பேர் அங்கேதான் விழுந்தார்கள். தாண்டியவர்கள் அந்த இடத்தை மனப்பாடம் செய்து தாண்டியவர்கள். நானும் அப்படித்தான். கடை திறக்குமுன் மிஷின் எனக்கு மட்டும்தான். நாற்பது ஐம்பது தடவை ஆடி, கண்ணை மூடிக்கொண்டும் மிதிக்கிற அளவுக்கு உருப்போட்டிருந்தேன். இரண்டாம் வேகத்துக்குப் போனவர்கள் சுலபமாக ஆடினார்கள். கஷ்டப்பட்டுப் படித்து வந்ததால் கால் பழகிவிட்டது என்று நாங்கள் நினைத்துக்கொண்டோம்.

அவள் அதே வளாகத்தின் கீழ்த்தளத்தில் இருந்த ஜவுளிக்கடையில் சேலைப் பிரிவில் வேலை பார்த்தாள். என் வயதுதான் இருக்கும். வீட்டில் சௌராஷ்ட்ரம் பேசுகிற குடும்பம். கூட வேலை பார்க்கும் தோழி ஒருத்தியும் அதே சனம்தான். எனக்குக் கேட்கக் கூடாததை மட்டும் இருவரும் அந்தப் பாஷையில் பேசிக்கொள்வார்கள். அந்தக் கடையில் வேலைக்காரப் பெண்கள் காலை ஒன்பதரையிலிருந்து ராத்திரி ஒன்பது மணி வரை உட்காரக் கூடாது. சாப்பாட்டுக்கு அரை மணி நேரம். அந்த அரை மணியில் சாப்பாட்டை அள்ளிப் போட்டுக்கொண்டு மேலே ஓடி வருவாள். யூனிபார்ம் சேலையை இடுப்பில் செருகிக்கொண்டு மேடையில் ஏறுவாள்.

"நின்னு நின்னு வலிக்கிற காலுக்கு இது வேறயா?"என்று ஒருநாள் கேட்டேன்.

"நிக்கிறதுதேன் வலிண்ணே. ஆடுனா வலிக்கிறதில்ல"என்றாள்.

ஒரு நாளைக்கு ஒரு பாட்டு. அதற்கு மேல் நேரமும் கிடையாது, டோக்கனுக்கு வழியும் கிடையாது. முதல் இரண்டு பாட்டை ஒரு மாதத்துக்குள் முடித்துவிட்டாள். நெரிசலில் வந்து நின்றாள். தினமும் அதே இடத்தில் மிஷின் கத்தியது. கீழே இறங்கிச் செருப்பை மாட்டிக்கொண்டு ஓடுவாள்.

அந்த வருஷம் ஆயுத பூஜைக்கு மறுநாள் போட்டி வைக்கலாம் என்று பாய் சொல்லியிருந்தார். ஒன்றாம் கிளாஸாவது பாஸானவர்கள்தான் சேரலாம் என்று அட்டையில் எழுதினேன். அதைப் படித்துவிட்டு அவள், "அதுக்குள்ள எம்பேரு ஒண்ணுக்குக் கீழ வந்துரும்ணே. பத்தாவதுல நின்னவ. கீழ சூப்பர்வைசரு என்னய மந்தம்னுதேன் கூப்பிடுறாரு. ஒரு எடத்துலயாச்சும் பாஸுன்னு பேரு எழுதிப் பாக்கணும்"என்றாள். தோழி என்னவோ அவர்கள் பாஷையில் சொல்ல, இருவரும் சிரித்தார்கள்.

இதற்கு இரண்டு வாரம் கழித்து ஒரு காலையில் கரண்ட் போய் வந்தது. மிஷின் அணைந்து எழுந்ததில் எல்லாம் ஒன்றாம் வேகத்துக்குத் திரும்பியிருந்தது. அதைக் கவனிக்காமல், மூன்றாம் வேகத்தில் நான் வழக்கமாக ஆடும் பாட்டு ஒன்றைப் போட்டேன். பாதியில் விழுந்தேன். மறுபடி போட்டேன். மறுபடியும் விழுந்தேன். மூன்றாம் கிளாஸ்காரன் ஒன்றாம் கிளாஸில் எப்படி விழுவான்? வேகத்தை மூன்றாக்கி அதே பாட்டை ஆடினேன். சர்வசாதாரணமாக முடிந்தது. கைக்கடிகாரத்தைக் கழற்றித் திரைக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். ஒன்று வைத்தாலும் மூன்று வைத்தாலும் பாட்டு முடிய அதே நேரம்தான் ஆனது. காலால் மிதிக்க வேண்டிய தடவையும் அதேதான். வேகம் என்று நான் எழுதி ஒட்டியிருந்தது பாட்டின் வேகமே இல்லை. அம்புக்கும் அம்புக்கும் நடுவே இருக்கிற இடைவெளி அது.

கிளீனராக இருந்தபோது பரவை மார்க்கெட்டுக்கு லாரியில் போவோம். முன்னால் ரோடு அடைத்துக்கொண்டால் வண்டிகள் பம்பரோடு பம்பர் உரசி ஊர்ந்து போகும். எது வெங்காய லாரி, எது மணல் லாரி என்று பின்னால் இருக்கிறவனுக்குத் தெரியாது. ரோடு விட்டதும் அதே வண்டிகள் ஓட ஆரம்பிக்கும். நடுவில் இடம் விழும். ஒவ்வொன்றும் தனித்தனியாகத் தெரியும். வண்டிகள் கூடவுமில்லை, குறையவுமில்லை. மிஷினில் இருந்ததும் இதேதான். நான்கை வைத்தால் அம்பு கண்ணில் பட்டு மேலே போய்ச் சேர அவகாசம் ரொம்பக் குறைவு, அதற்குப் பழக்கம் வேண்டும். ஆனால் இரண்டு, மூன்றில் நெரிசல் என்று ஒன்று கிடையவே கிடையாது. நான்தான் புதிதாக வந்த ஒவ்வொருவரையும் கொண்டுபோய் நெரிசலில் நிறுத்தி, அதைத் தாண்டி வா என்று சொல்லிக்கொண்டிருந்தேன்.

மேடையின் விளிம்பில் உட்கார்ந்து கொஞ்ச நேரம் சிரித்தேன். அட்டையைக் கிழித்துவிட வேண்டியதுதான் என்று எழுந்தேன். எழுந்து சுவர் வரைக்கும் போனேன். அட்டையில் மூன்றாம் வேகத்துக்குக் கீழே பதினோரு பேர் எழுதியிருந்தது. அதில் மேலே என் பேர். இதைச் சொன்னால் பையன்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தேன். 'வாத்தியாருக்கே தெரியலடா'என்பார்கள். அதன் பிறகு என்னைக் கூப்பிட வேறு ஒரு பேர் வைப்பார்கள். நாளைக்குச் சொல்லலாம் என்று துடைக்கிற துணியை எடுத்துக்கொண்டேன். நாளைக்கும் சொல்லவில்லை.

அன்றைக்கும் மதியம் அவள் வந்தாள். விழுந்தாள். இறங்கும்போது, "அந்த எடம் வந்தா எனக்கு அம்புக ஒட்டிக்கிட்டுத் தெரியுதுண்ணே"என்றாள்.

தோழி சொன்னாள்: "இவளுக்குக் கண்ணு மங்கல்ணே. நேத்து மாம்பழக் கலர் கேட்ட அம்மாவுக்கு மஞ்சளத் தூக்கிப் போடுறா."

"போடி, ரெண்டும் ஒண்ணுதேன்."

"ஒண்ணா? இதத்தேன் சொல்றேன்."

நான் சொன்னது இன்றைக்கும் அப்படியே காதில் இருக்கிறது. "எதுக்கும் கண்ணாஸ்பத்திரியில காட்டிப் பாரும்மா."

விளையாட்டுக்குச் சொன்னேன் என்று சொல்லிக்கொள்ள ஆசைதான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. காரணம் அவளிடம் இருக்கிறது என்று ஆகிவிட்டால் எனக்கு நிம்மதி. அதற்காகச் சொன்னேன்.

அவள் நிஜமாகவே போனாள். அரை நாள் லீவு போட்டு வரிசையில் நின்றிருக்கிறாள். கண்ணில் மருந்து ஊற்றியதில் அன்று சாயங்காலம் வரை எல்லாம் புகையாகத் தெரிந்திருக்கிறது. அந்தக் கண்ணோடு கடைக்கு வந்து, பார்டர் கலரை மாற்றிச் சொல்லி, ஆட்களுக்கு முன்னால் சூப்பர்வைசரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டிருக்கிறாள். இதையெல்லாம் தோழி பிறகு சொன்னாள். அவள் என்னிடம் சொன்னது இவ்வளவுதான்:

"கண்ணு நல்லாத்தேன் இருக்காம்ணே. அப்ப மண்டதேன் போல."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். எட்டாம் வகுப்பில் இரண்டாவது முறை நிறுத்தியபோது நானும் அம்மாவிடம் இதையேதான் சொன்னேன், இதே மாதிரி சிரித்துக்கொண்டு. அது தெரிந்திருந்தும், டோக்கனை வாங்கிப் போட்டேன். ஒன்றை வைத்தேன். அவள் விழுவதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன்.

ஆயுத பூஜைக்கு முந்தின நாள் கடைசி வாய்ப்பு. அன்று கீழேயிருந்து நாலைந்து பெண்கள் அவளோடு வந்திருந்தார்கள். பாலிடெக்னிக்காரனும் அவன் கூட்டாளிகளும் நின்றார்கள். அவளும் மேடையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு ஏறினாள். பாட்டை வைக்கக் குனிந்தபோது என் கை இரண்டை அமுக்கியது. முன்கூட்டி யோசித்துச் செய்ததல்ல. எண் தெரியாதபடி திரையின் ஓரத்தில் சாய்ந்து நின்றுகொண்டேன். அவள் பாஸாகிவிடுவாள், பேரை எழுதிவிடலாம், யாருக்கும் எதையும் சொல்ல வேண்டியதில்லை என்று நினைத்தேன்.

முதலில் தடுமாறினாள். அம்புகள் வேகமாக வந்ததும் ஒரு கணம் என்னைத் திரும்பிப் பார்த்தாள். பிறகு கால் பிடித்துக்கொண்டது. அந்த இடம் வந்தது. அம்புகள் ஒவ்வொன்றாக, நடுவில் ஒரு ஜாண் இடம் விட்டு ஏறி வந்தன. அவள் ஒவ்வொன்றையும் மிதித்தாள். அவள் முகம் பாடுபடுகிற முகமாக இல்லை. எதையோ வாசிக்கிற முகமாக இருந்தது. பாட்டு முடிந்தது. கீழ்க்கடைப் பெண்கள் போட்ட கூச்சலில் பாய் கல்லாவிலிருந்து எழுந்து பார்த்தார்.

அப்போது மார்க் காட்டும் திரை வந்தது. அதில் எண்ணை மறைக்க முடியாது, நடுவில் வரும்.

"வாத்தியாரே, என்னா இது? ரெண்டுல வச்சிருக்கு!"என்றான் பாலிடெக்னிக்காரன்.

"ரெண்டா?"என்று அவள் என்னைப் பார்த்தாள். மூச்சு வாங்கிக்கொண்டிருந்தது.

"மிஷின் கோளாறும்மா. காலைலருந்து இப்பிடித்தேன் பண்ணுது"என்றேன்.

தோழி விடவில்லை. "ரெண்டுலயே ஆடிட்டா, ஒண்ணுல ஆட மாட்டாளா? கூட ரெண்டு மார்க்குப் போட்டு எழுதுங்கண்ணே!"

"ஒண்ணு முடிக்காம எப்பிடிக்கா ரெண்டு? நாங்கள்லாம் எம்புட்டு நாள் கெடந்து வந்திருக்கோம்"என்றான் அவன். சொல்லிவிட்டுத் திரையையே பார்த்துக்கொண்டு நின்றான். நெற்றியைச் சுருக்கியிருந்தான். ஒன்றில் ஒன்றரை மாதமாக விழுகிறவள் இரண்டில் எப்படி ஒரே தடவையில் முடித்தாள் என்று அவன் யோசிக்க ஆரம்பித்திருக்கிறான் என்பது எனக்குத் தெரிந்தது. இன்னும் ஒரு நிமிஷம் விட்டால் கண்டுபிடித்துவிடுவான்.

தோழி சொன்னதை ஒப்புக்கொண்டிருந்தால் போதும். உண்மையைக்கூடச் சொல்ல வேண்டியிருக்காது. அவ்வளவு சுலபமான வழி இருந்தது.

"அப்ப செல்லாதாண்ணே?"என்று அவளே கேட்டாள்.

"செல்லாதும்மா"என்றேன்.

அவள் தலையாட்டினாள். "அதேன் பாத்தேன். என்னடா நமக்கு இம்புட்டு லேசா வருதேன்னு." சேலைச் செருகலை எடுத்துவிட்டுக்கொண்டு இறங்கினாள். அரை மணி முடிந்திருந்தது. மற்ற பெண்களும் படியில் தடதடவென்று இறங்கினார்கள். பையனும் யோசிப்பதை விட்டுவிட்டு டோக்கன் நீட்டினான்.

போட்டி நடந்தது. மிஷினுக்குச் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். பாலிடெக்னிக்காரன் ஜெயித்துப் பரிசாகச் சுவர்க் கடிகாரம் வாங்கினான். அவளும் சாப்பாட்டு நேரத்தில் வந்து பின்னால் நின்று கைதட்டிவிட்டுப் போனாள். அதற்குப் பிறகு வரவில்லை. தீபாவளிக் கூட்டம், நேரம் இருக்காது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன்.

தீபாவளி முடிந்து கடைகள் காற்று வாங்கிக்கொண்டிருந்த ஒரு நாள், நடுப்பகலில் கீழே இறங்கி ஜவுளிக்கடைக்குள் போனேன். சேலைப் பிரிவில் அவள் ஒருத்திதான் நின்றாள். கொஞ்சம் தள்ளி சூப்பர்வைசர்.

"வாங்கண்ணே! யாருக்கு?"

சொல்ல வந்ததை எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. "அம்மாவுக்கு"என்றேன். திருநகரில் நாலு வீட்டில் பாத்திரம் தேய்க்கும் என் அம்மாவுக்கு அதுவரை நான் ஒரு கைக்குட்டைகூட எடுத்ததில்லை.

அவள் ஒவ்வொன்றாகப் பிரித்துப் போட்டாள். அரக்கு, மயில் கழுத்து, சின்னக் கட்டம், பெரிய கட்டம். "அம்மா செவப்பா, மாநிறமா?"என்று கேட்டாள். நான் எதற்கோ பதில் சொன்னேன். மேஜையில் பத்துப் பன்னிரண்டு சேலை விரிந்துவிட்டது. கடைசியில், "மிஷின் கோளாறு இல்லம்மா"என்றேன்.

பிறகு எல்லாவற்றையும் சொன்னேன். இடைவெளி, நெரிசல், கைக்கடிகாரம், லாரி. புரியும்படிதான் சொல்லியிருப்பேன் என்று நினைக்கிறேன். ஏனென்றால் அவள் ஒன்றையும் திரும்பக் கேட்கவில்லை. ஒன்றே ஒன்றுதான் கேட்டாள்.

"இது ஒங்களுக்கு எப்பத் தெரியும்?"

"நீ கண்ணாஸ்பத்திரிக்குப் போறதுக்கு முன்னாலயே."

அவள் கை ஒரு சேலையின் முந்தியைப் பிடித்தபடி நின்றது. சூப்பர்வைசர் இந்தப் பக்கம் திரும்பிப் பார்த்தார். அவள் முந்தியை மடிக்க ஆரம்பித்தாள்.

"இப்பச் சேலை எடுக்க வந்தீங்களா, இதச் சொல்ல வந்தீங்களா?"

"இதச் சொல்லத்தேன்."

"அப்ப இம்புட்டுச் சேலையையும் எதுக்குண்ணே பிரிக்க விட்டீங்க?"

ஒரு சேலையின் நுனியை எடுத்து மடிக்கப் போனேன். "வேணாம், வைங்க. ஒங்களுக்கு மடிக்கத் தெரியாது"என்று வாங்கிக்கொண்டாள். குரலில் கோபம் இல்லை. வியாபாரம் ஆகாத ஆளிடம் பேசுகிற குரல். அவள் அத்தனையையும் மடித்து அடுக்கி முடிக்கிறவரை அங்கேயே நின்றேன். போகவும் முடியவில்லை. அவள் அதற்குப் பிறகு நிமிர்ந்து பார்க்கவில்லை.

அன்று சாயங்காலமே அட்டையைக் கழற்றினேன். மிஷினுக்கு முன்னால் நின்று பையன்களிடம் சொன்னேன், வேகம் கூடினால் கஷ்டம் இல்லை, கண்ணுக்குச் சுலபம், இனிமேல் யார் வேண்டுமானாலும் எதில் வேண்டுமானாலும் ஆடலாம் என்று. ஒருவன்கூட நம்பவில்லை. "வாத்தியாருக்குக் கடிகாரம் கெடைக்கலேன்னு வயித்தெரிச்சல்டா"என்றான் பாலிடெக்னிக்காரன். முன்பு யோசித்ததை அவனும் மறந்துவிட்டிருந்தான். இரண்டு நாளில் அவர்களே வேறு ஒரு அட்டை எழுதி மாட்டினார்கள். மூன்றில் அவன் பேர் முதலில் இருந்தது. பாய் அதைப் படித்துவிட்டு, "இருந்துட்டுப் போகுது"என்றார்.

பொங்கலுக்கு முன்னால் வேலையை விட்டேன். யாரும் போகச் சொல்லவில்லை. பையைத் தூக்கிக்கொண்டு கோயம்புத்தூர் பஸ்ஸுக்குக் கிளம்பியபோது அந்த ஜவுளிக்கடையைத் தாண்டித்தான் போக வேண்டியிருந்தது. கண்ணாடிக்கு அந்தப் பக்கம், ஆள் இல்லாத மேஜைக்குப் பின்னால் அவள் நின்றுகொண்டிருந்தாள். ஒரு காலில் பாரத்தைப் போட்டு, சற்று நேரம் கழித்து அடுத்த காலுக்கு மாற்றினாள்.